ஜமால்தீனின் தொண்டைக்கு என்ன ஆனது?

பலாபத்வலயில் கல்யாண வீடுகளுக்குக் கதிரை, கூடாரம், மின்விசிறி வாடகைக்குக் கொடுக்கும் ஜமால்தீனுக்குக் கைத்தொலைபேசி தேவையே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அவர் "ஹலோ" என்றால் மைல்கணக்கில் தள்ளியிருக்கும் நாலந்தா ஊர்க்காரருக்கும் நேராகவே கேட்டுவிடும். கூடாரம் கட்டுகிறவர்களை அதட்டி அதட்டியே வளர்ந்த குரல் அது. ஸலாம் சொல்வதும் அதே குரலில்தான்.

ஏப்ரல் வெயிலில் ஒருநாள் தன் தகரக் கூரைக் களஞ்சியத்தைத் திறந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில் ஒரு வரிப்பூனை, நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!"

அவ்வளவுதான் சொன்னார். தாய்ப்பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கூரையை ஒட்டியிருந்த பரணில் பாய்ந்தது. அவர் ஏணியைத் தேடி எடுத்து வருவதற்குள் நான்கையும் மேலே கொண்டுபோய்விட்டது.

மேலே ஏறிப் பார்த்தார். தகரம் கையைச் சுட்டது. கண்ணே திறக்காத குட்டிகள் வாயைத் திறந்தபடி துவண்டு கிடந்தன. தொப்பியைக் கழற்றி, அதில் நான்கையும் அள்ளிப்போட்டுக்கொண்டு இறங்கி, சோபாவிலேயே வைத்தார். தாய்ப்பூனையும் பின்னாலேயே குதித்து வந்தது.

மனைவி ஸரீனா, பக்கத்து வீட்டு ஆதிபாவைக் கூட்டிவந்தாள். ஆதிபா ஒரு மிருக வைத்தியரிடம் வேலை செய்பவள்.

"ஐஸ் தண்ணியில போட வாணாம் மாமா. ஈரத் துணியால மெதுவாத் தொடைங்க. ஒரு போத்தல்ல தண்ணிய உறைய வெச்சு, துவாயில சுத்தி ஒரு பக்கமா வைங்க. குளிர் கூடினா குட்டி தானா நகர்ந்து போக எடம் ஈக்கோணும். ஃபேன் காத்து நேரா படக் கூடாது, செவரப் பாத்து திருப்பிவிடுங்க. தாய்க்குத் தண்ணி எப்பவும் கிட்ட ஈக்கட்டும்."

"சரி!"

"முக்கியமா, நீங்க கத்தக் கூடாது. கத்தினா அது திரும்பவும் மேலதான் தூக்கிட்டுப் போகும்."

"நான் எப்ப கத்தினேன்?" என்று ஜமால்தீன் கத்தினார். பூனை ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வியது.

அந்த நிமிடம் முதல் அவர் காற்றோடு காற்றாகத்தான் பேசினார்.

பூனைக்கு வேறு இடம் பிடிக்கவில்லை. கூடை வைத்தால் கூடையைத் தாண்டி சோபாவுக்கே வந்தது. ஆகவே சோபாவை வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலைக்கு இழுத்துவந்தார்கள். ஜமால்தீன் சுவரைப் பார்த்த மின்விசிறியின் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒருதரம் போத்தலை மாற்றினார். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் பேசிவிட்டு, "ஜமால்தீன் நாநாட தொண்டை போயிட்டாமே" என்று பரப்பினார்கள். மூன்றாம் நாள் வீடு நிறைய, தொண்டைக்கு நல்லதென்று கொண்டுவந்த தம்பிலி இளநீர்க் குலைகள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அவருக்காகத் துஆவும் கேட்டார்கள்.

பார்க்க வந்தவர்களிடம் அவர் உண்மையைத்தான் சொன்னார். "ஒண்ணுமில்ல, பூனக்குட்டி..." என்று கிசுகிசுத்தார்.

வந்தவர்கள் ஸரீனாவைத் தனியே அழைத்து, "நெனவும் தடுமாறுதோ?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டையில் நுஹ்மானின் மகளுக்குக் கல்யாணம். வெல்வெட் சோபாவுக்கு எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். ஜமால்தீன் தன் வீட்டுக் கூடத்து சோபாவை ஏற்றி, அதன்மேல் ஸரீனாவின் சரிகைச் சேலையைப் போர்த்திக் கொண்டுபோனார். நுஹ்மானுக்குக் கண் சிவந்தது.

"இதென்ன நாநா! இது உங்க ஊட்டு சோபா. கைப்பிடியில டீக்கறை ஈக்குது!"

பழக்கதோஷத்தில் ஜமால்தீன் அவர் காதருகே போய்க் கிசுகிசுத்தார். "மன்னிச்சுக்கோங்க. அதுல நாலு சின்னவங்க படுத்திருக்காங்க. சூடு தாங்காம மயங்கிட்டாங்க."

நுஹ்மானின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "நாலு புள்ளைகளுமா? அப்படிப்பட்ட நேரத்துலயும் சாமான் கொண்டுவந்தீங்களே!" என்று அவரை உட்காரவைத்து, பெரிய சஹன் தட்டில் சோறு பரிமாறி, பிள்ளைகளுக்கென்று நான்கு பார்சலும் கட்டிக் கொடுத்தார். பார்சல்களைக் கையில் வாங்கியதும் ஜமால்தீனுக்கு மனம் உறுத்தியது.

"இவ்வளவு திங்க மாட்டாங்க, நுஹ்மான். பூனக்குட்டிங்க."

நுஹ்மான் பார்சல்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். விஷயம் பெண்ணின் காதுக்கும் போக, அவள் அலங்காரத்தோடு எழுந்து வந்து, "எனக்கு ஒண்ணு வேணும்" என்று பிடிவாதமாக நின்றாள்.

ஜூன் மாதம், குட்டிகள் சோறு தின்னப் பழகிய பிறகு, அந்தக் கல்யாணப் பெண்ணுக்காக ஒரு மஞ்சள் குட்டியை ஜமால்தீனே கொண்டுபோனார். பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, துவாய் சுற்றிய போத்தலையும் உள்ளே வைத்து, வழியில் கண்ட நிழலிலெல்லாம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இரத்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை அஸர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. குட்டி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்தான் வியர்த்து ஒழுகிக்கொண்டு, அந்தப் போத்தலைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார்.