கேட்சரா, பேட்டரா

பேஸ்பால் மைதானம் ஒன்றை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த மட்டையைக் கையில் எடுத்ததும் இல்லை. ஆனால் பல வருஷமாக அந்த ஆட்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அமெரிக்காவில் சாயங்கால ஆட்டம் தொடங்கும்போது பெங்களூரில் விடிந்துகொண்டிருக்கும். அலுவலக வண்டி சந்தாபுராவில் எங்கள் தெருமுனைக்கு இருட்டோடு வந்து நிற்கும். கோரமங்களாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, அங்கே எறியப்படும் ஒவ்வொரு பந்தையும் திரையில் பார்த்து, அது என்ன மாதிரிப் பந்து, எங்கே வந்தது, மட்டையில் பட்டதா, படவில்லையா என்று குறிப்போம். மத்தியானம் வேலை முடிந்துவிடும். நான் அந்தக் குழுவுக்குத் தலைவி.

குழுவில் என்னோடு ஒரே வண்டியில் வந்து போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கண்டோன்மென்ட் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்து, குடும்ப வீடு பாகம் பிரிந்த பிறகு சந்தாபுராவில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தவர். இளமையில் ஹாக்கி ஆடியிருக்கிறார். இன்னொருத்தி ஆனேக்கல் பெண். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால், படிப்பு முடிந்த மறுமாதமே வேலைக்கு வந்தவள். குழுவில் அவள் வேகம் யாருக்கும் கிடையாது. ஒரு பந்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறித்துவிட்டால், எது சரி என்று பார்த்துச் சொல்வது பெரியவரின் வேலை. அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, அவளைத் தவிர.

சீசன் முடிகிற சமயத்தில் அமெரிக்காவில் வழக்கமாக ஒரு சர்ச்சை கிளம்பும். அந்த வருஷம் லீகிலேயே மிகவும் மதிப்புள்ள ஆட்டக்காரர் யார், விருது யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் அது. எம்.வி.பி. என்பார்கள். அங்கே பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். இங்கே எங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு சீசன் முழுக்க ஒரு ஆளின் முகத்தையும் தோளையும் கால் அசைவையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் போகுமா?

பெரியவருக்கு ஒரு கேட்சர். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர். எறிகிறவருக்கு அடுத்து என்ன பந்து போட வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். அந்த ஆள் மட்டை பிடித்தால் சுமார்தான். ஆனால் அவர் வந்த பிறகுதான் அந்த அணி மேலே ஏறியது என்பது பெரியவர் கட்சி. அவளுக்கு ஒரு பேட்டர். லீகிலேயே அதிகமாக அடித்தவர். சிக்ஸர் மாதிரி பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆனால் அவருடைய அணி கடைசி இடத்தில் கிடந்தது.

இருவரும் காலை வண்டியில் பேசுவார்கள், சாப்பாட்டு மேஜையில் பேசுவார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, அக்கா நீங்க சொல்லுங்க, மேடம் நீங்க சொல்லுங்க என்பார்கள். இரண்டு பேரும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள் என்று நான் நழுவிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பந்தின் வகையையும் வேகத்தையும் இனி மென்பொருளே குறித்துவிடும். அது குறித்ததைச் சரிபார்க்க மூத்தவர்களில் ஒருவர் போதும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. வேலையில் மூத்தவர்கள் என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். யாரை வைத்துக்கொள்வது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதுவரை வெளியே மூச்சுவிடக் கூடாது. நான் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவரே முடிவு செய்வார் என்றும், எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்பதையும் மேலே சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அறைக்கு வெளியே அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹோசூரில் ஃபேக்டரி வேலையில் இருக்கும் என் கணவர், வேலையில் யார் கெட்டியோ அவர் பெயரைக் கொடுத்துவிடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். வேலையை வைத்துப் பார்த்தால் பெரியவர்தான். வேகமாகக் குறிக்க இனி மென்பொருள் இருக்கிறது, சந்தேகம் தீர்க்கத்தான் ஆள் வேண்டும். ஆனால் ஆனேக்கல் வீட்டில் படுத்திருக்கும் அந்த அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அவள் தம்பி கல்லூரியில் படிக்கிறான். பெரியவர் மகள் வேலையில் இருக்கிறாள். புதன்கிழமையே மனசுக்குள் பெயர் முடிவாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடியும்வரை மேனேஜர் கண்ணில் படாமல் இருந்து, அவர்களோடு வண்டியில் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போய் ஒரு மெசேஜ் அனுப்பினால் போயிற்று என்று நினைத்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிய சிறிது நேரத்திலேயே வண்டி நின்றது. முன்னால் டேங்கர் ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடப்பதாக டிரைவர் யாரிடமோ போனில் கேட்டுச் சொன்னார். அந்தப் பாலத்தில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இரண்டு பக்கமும் சுவர். பின்னால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வண்டிகள். கீழே சாலையில் அத்திப்பள்ளி பஸ்கள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் டீசல் வீணாகிறது என்று ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கினார். தார் சூடு உள்ளே வந்தது.

பொழுது போகட்டும் என்று டிரைவர் பாட்டுப் போடச் சொன்னார். அவருடைய போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. என் போனை வண்டியின் ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தேன். ஏதோ பழைய பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மறுபடியும் தொடங்கியது.

"உன் பேட்டர் இல்லாட்டியும் அந்த டீம் கடைசிதான். இருந்தும் கடைசிதான். அப்புறம் அதுல இன்னாமா வேல்யூ?" என்றார்.

"கூட ஆடுறவங்க சரியில்லன்னா அவன் இன்னா பண்ணுவான் அங்கிள்? அவன் வேலைய அவன் பண்ணிக்கினுதானே இருக்கான். ஜெயிச்ச டீம்ல இருக்கிறவனுக்குத்தான் கொடுப்பாங்கன்னா, அதை டீமுக்கே கொடுத்துட்டுப் போவட்டும்."

அவர் கேட்சரின் கையைப் பற்றிச் சொன்னார். ஓரமாக வருகிற பந்தை அந்த ஆள் பிடிக்கும்போது கையை எப்படி மெத்தென்று உள்ளே இழுக்கிறார், அம்பயர் எப்படி அதை நல்ல பந்து என்று சொல்லிவிடுகிறார் என்று தன் கையாலேயே செய்து காட்டினார். அது ஏமாற்று என்றாள் அவள். திறமை என்றார் அவர். டிரைவர்கூட அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது பாட்டு நின்று போன் அடித்தது. மேனேஜர். ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் எடுத்து ஹலோ என்றேன். அவர் குரல் வண்டியின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

"இன்னும் பேர் வரலையே. பெரியவரா, அந்தப் பொண்ணா? உங்க டீமோட எம்.வி.பி. யாருன்னு ஒரு பேர்தானே கேக்கறேன். சொல்லிட்டீங்கன்னா இன்னொருத்தருக்கு லெட்டர் ரெடி பண்ணச் சொல்லிடுவேன்."

எந்த இடத்தைத் தொட்டால் அது நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர்தான் கையை நீட்டி எதையோ அழுத்தினார். குரல் நின்றது.

பெரியவர் மெதுவாக முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

வண்டிகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து போக எங்கேயும் வழியில்லை. மத்தியான வெயிலில் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றவளை மற்ற வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூப்பிட நான் போகவில்லை. என்னைப் பார்த்தால் இன்னும் தள்ளிப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. பெரியவர் தன் தண்ணீர் பாட்டிலோடு இறங்கிப் போனார். அவளிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"யார் பேரைச் சொல்லப் போறீங்கக்கா?" என்றாள்.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். "கேக்குதில்ல மேடம், சொல்லிடுங்க," என்றார் அவர், திரும்பாமலே. அவர் பின்கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அவள் பெயரைத்தான் என்று சொன்னேன்.

பெரியவர், முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, எதனால் என்று கேட்டார். கோபம் இல்லை. ஒரு பந்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறித்தால் அவர் கேட்கிற அதே குரல். எனக்கும் பொய் சொல்ல வரவில்லை.

"அவ வீட்டுல வேற யாரும் சம்பாதிக்கலையே சார்."

"அப்போ வேலைக்காக இல்ல."

"இல்ல சார்."

"அது போதும்," என்றார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவளை நான் பார்க்கவே இல்லை. அவளுக்கு நல்லது செய்துவிட்டேன், ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்றுதான் எண்ணியிருந்தேன்.

"என்னைப் பாவம்னு வெச்சுக்கிறீங்களா?" என்றாள்.

அப்படி இல்லை என்று ஆரம்பித்தேன். அவள் குழுவிலேயே வேகமானவள், வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை. அதையெல்லாம் அடுக்கியிருக்கலாம். அவர் கேட்டபோது வாயில் வராத காரணங்களை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த வாரத்தின் கெட்ட நேரம் அதோடு முடிந்துவிடவில்லை. பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகும் வண்டி அங்கேயேதான் நின்றது. யாரும் யாரிடமிருந்தும் எழுந்து போக முடியாது. என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் அவள் பை இருந்தது. மணி நாலைத் தாண்டியது. டிரைவர் வீட்டுக்குப் போன் செய்து மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர யாரையாவது அனுப்பச் சொன்னார். பெரியவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றுக்கு வந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் பெயரை டைப் செய்து, அனுப்பாமல், திரை அணைவதைப் பார்ப்பதும் மறுபடி அதைத் தொடுவதுமாக இருந்தேன். அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அவள் கண்ணெதிரேயே அனுப்பினேன். வெகு நேரம் கழித்து, முன்னால் எங்கோ இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும் சத்தம் கேட்டது.

அந்த வருஷம் விருது பேட்டருக்கே போனது. செய்தி வந்த காலை பெரியவர் அவள் மேஜைக்குப் போய்க் கை கொடுத்தார். அது அவருடைய கடைசி வாரம். அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். என்னவோ ஏதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலையில் இருந்தாள். முன்னைவிட நன்றாகவே செய்தாள். தகராறான பந்துகளை அவள் நிதானமாகப் பார்த்துச் சொன்ன முடிவுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவரையே வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றுதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குழுவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டேன். பழகிய குழு, நீங்களே இருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் விடிகாலை அதே வண்டியில், அவள் ஒரு ஜன்னல் பக்கமும் நான் ஒரு ஜன்னல் பக்கமுமாகப் போய் வந்தோம்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுரா மார்க்கெட்டில் பெரியவரைப் பார்த்தேன். கையில் மீன் பை. ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். உடம்பு இளைத்து, வெயிலில் முகம் கறுத்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தார். பக்கத்துலதான் வீடு, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க என்றார். மறுக்க ஒரு காரணம்கூட அந்த நேரத்தில் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் வாங்க என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மீன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. பெரியவரே காபி கலந்து கொண்டுவந்தார். என் கணவரின் ஃபேக்டரியைப் பற்றி, ஹோசூர் வெயிலைப் பற்றிக் கேட்டார். அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே மீன் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரைக் கிலோ மீனுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

காபி முடிந்தது. எழுந்தேன். "இருங்க மேடம், என் சம்சாரம் வந்துருவா, சொல்லிட்டுப் போங்க," என்றார். அந்த அம்மா வர மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி உட்கார்ந்தேன். காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் பார்த்தபடி இருந்தோம்.