பெயரும் ஊரும் சொல்லி ஒரு நன்றி

அந்த விளக்கு இப்போது டேனிஷ் ஊரான வைலேயில் என் வீட்டு உடுப்புத் தோய்க்கும் அறையின் மூலையில் நிற்கிறது. மூன்று கால், நடுவில் ஓட்டை, சுற்றிவர வெள்ளை வெளிச்சம். தங்கள் முகத்தைத் தாங்களே படம் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் வளைய விளக்கு. அத்தான் அதன் முன்னால் உட்கார்ந்தால் அவருடைய மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் விழும். கண் தெரிய வேண்டிய இடத்தில் வளையம்தான் தெரியும். "கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இருங்கோவன், பேய் பிடிச்ச ஆள் மாதிரிக் கிடக்கு" என்பாள் அக்கா. கழற்றினால் பார்வையாளர்கள் எழுதுவதை அவரால் வாசிக்க முடியாது. அதை வாசிக்காவிட்டால் அத்தானுக்கு நிகழ்ச்சியே இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு, வயது வருமுன்னே ஓய்வூதியத்தில் வீட்டில் இருந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஊரில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்ததும் அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தவுடன் கைபேசியில் நேரலை. மேலே கோட்டும் டையும், கீழே சாரம். நான் வைலேயிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவருடைய அரசியலுக்காகப் போனேன் என்று சொல்லமாட்டேன். அக்கா பொரிக்கும் றோல்ஸுக்காகவும், அவர் பவுடர் பூசுவதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவும்தான் போனேன்.

அந்தத் தேர்தலை ஊடகங்கள் காட்டிய விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. டேனிஷ் தொலைக்காட்சி ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்த கொஞ்ச நேரத்திலும் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார்கள். "தேர்தலுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று அக்கா தொலைக்காட்சியிடமே கேட்டாள். எங்கள் தமிழ் அலைவரிசைகளோ நேர்மாறு. நாள் முழுக்க சிவப்பு எழுத்தில் அதிர்ச்சி, பரபரப்பு, திடீர்த் திருப்பம். வேட்பாளர் வடக்குக்கு வந்து வேட்டி கட்டினால் ஒரு செய்தி, அந்த வேட்டி அவிழாமல் நின்றால் இன்னொரு செய்தி. யார் வெல்வார், யார் யாருடைய வாக்கைப் பிரிப்பார், நாங்கள் புறக்கணிப்பதா, எங்களுக்கென்று ஒருவரை நிறுத்துவதா என்று கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேடைக்கு முன்னால் வெயிலில் நின்ற சனம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் அத்தான் ஒருவர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்க மாட்டேன்.

அவருக்கு அதைச் சொன்னது ஓட்டோத் தம்பி. அத்தானின் சின்னம்மா மகன், ஊரில் ஓட்டோ ஓடுகிறவன். அவன் எழுதவே மாட்டான், குரலில்தான் அனுப்புவான். பின்னால் ஓட்டோ இரைகிற சத்தமும் கேட்கும். அத்தான் வீட்டில் இரண்டாவது பிள்ளை என்பதால் அவனுக்குச் 'சின்னண்ணை'. அக்கா 'அண்ணி', நான் 'மச்சாள்'. ஒரு நாள் இப்படி அனுப்பியிருந்தான்: "சின்னண்ணை, கூட்டத்துக்கு வராட்டி வீட்டுத்திட்டத்தில பேர் இராதாம். வீடு வீடா வந்து சொல்லிப்போட்டுப் போறாங்கள். சனம் என்ன செய்யும், ஏறிக்கொண்டு போகுது. நானும் ஒரு ஓட்டம் ஏத்தினனான், பெற்றோல் அடிச்சுத் தந்தவங்கள். வேட்பாளர் மேடையில சிரிக்கிறார், கீழ எங்கட சனம் பயத்தில கை தட்டுது." குரலில் கோபம் இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அத்தான் அந்தக் குரலை அப்படியே நேரலையில் போட்டார். அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு நன்றி என்றால் பெயரும் ஊரும் சேர்த்துச் சொன்னால்தான் நன்றி. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். மரண அறிவித்தலில்கூட, பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் என்று இரண்டு ஊரையும் போட்டால்தான் இறந்தவர் முழுசாக இறந்ததாகக் கணக்கு. அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "எந்தப் பெரிய ஊடகமும் சொல்லாத செய்தியைச் சொன்ன என்ர தம்பிக்கு நன்றி." பிறகு அவனுடைய பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். எந்தச் சந்தியில் ஓட்டோ நிறுத்துகிறவன் என்பதையும் சொன்னார். குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

நிகழ்ச்சி முடிந்ததும், "ஏனப்பா ஊரைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். அத்தானுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நன்றி சொல்லாமல் விடேலுமோ? அவன்ர செய்தி, அவனுக்குத்தானே பேர் வரவேணும்" என்றார். அவர் வஞ்சகமில்லாமல் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கள்ள மனம் உள்ளவன் பெயரை மறைத்துத் தானே கண்டுபிடித்த செய்தி மாதிரிக் காட்டியிருப்பான், ஓட்டோத் தம்பியும் தப்பியிருப்பான். கிரின்ஸ்டெட்டில் தேர்தல் என்றால் மின்கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்கள் தொங்கும், சந்தையில் ஒருவர் கோப்பி ஊற்றிக் கொடுத்துப் பேருந்து விடுவதாகச் சொல்வார், வாக்களிப்பு முடிந்தால் முகங்களைக் கழற்றிவிட வேண்டும். அப்படியான ஊரில் இத்தனை வருடம் இருந்த மனிதருக்கு, பெயர் சொன்னால் ஆபத்து வரும் இடத்திலிருந்துதான் தானும் ஓடிவந்தவர் என்பது மறந்துபோயிருந்தது.

அந்தத் துண்டு பறந்தது. எந்த அலைவரிசைகள் அதுவரை வேட்டியைக் காட்டிக்கொண்டிருந்தனவோ, அவையே அதை வெட்டி எடுத்துத் தலைப்புப் போட்டன. ஒருவர் அந்தச் சந்தியின் படத்தையும் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்தார். அவர்களில் ஒருவர்கூட ஓட்டோத் தம்பியை அழைத்து, இதைப் போடலாமா என்று கேட்கவில்லை. அத்தானுக்குத் தூரத்து டோஸ்ட்ருப்பிலிருந்தும் தமிழ் ஆட்கள் தொலைபேசி எடுத்துக் கலக்கிவிட்டீர்கள் என்றார்கள். இரண்டு நாள் அவர் கால் நிலத்தில் படவில்லை. மூன்றாம் நாள் தம்பிக்கு எடுத்தார், பதில் இல்லை. தம்பியின் மனைவிக்கு எடுத்தார். "வெளிய போயிட்டார், வருவார்" என்றாள். அடுத்த நாளும் எடுத்தார். "வெளிய போயிட்டார், வருவார்." அக்கா வாங்கிக் கதைத்தாள், நான் வாங்கிக் கதைத்தேன். ஒரு எழுத்து மாறாமல் அதே மூன்று சொல். பக்கத்தில் யாரையோ வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது. அதை அத்தானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமையும் அத்தான் விளக்கைப் போட்டார். "அவன் எங்கயாவது நிண்டு பாத்தால் ஒரு சொல்லு எழுதுவான்" என்றார். அன்று அவர் பவுடர் பூசவில்லை. வேட்பாளர்களைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை, வணக்கம் சொன்னவர்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். திடீரென்று ஓட்டோத் தம்பியின் பெயர் திரையில் ஏறியது. அத்தானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் வாசித்தார். "வணக்கம் அண்ணா. நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்குச் செய்தி தரும் மற்ற நண்பர்களுக்கும் இன்று நன்றி சொல்லலாமே."

எழுத்தே எழுதாதவன், பிழையில்லாத தமிழில் எழுதியிருந்தான். பிறந்ததிலிருந்து சின்னண்ணை என்று கூப்பிட்டவன், அண்ணா என்றிருந்தான். அவனுடைய கைபேசி வேறு யாருடைய கையிலோ இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.  அத்தானின் கண்ணாடியில் அந்த இரண்டு வளையங்களும் அசையாமல் நின்றன. உலகம் முழுக்க எத்தனை பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. நான்தான் கையை நீட்டி விளக்கை அணைத்தேன்.

தேர்தலில் ஒருவர் வென்றார். வெடி கொளுத்தினார்கள், சத்தியப்பிரமாணம் செய்தார், எல்லா அலைவரிசைகளும் புதிய யுகம் என்றன. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு காலையில் மனைவியின் கைபேசியிலிருந்து ஓட்டோத் தம்பி எடுத்தான். "நான் நல்லா இருக்கிறன் சின்னண்ணை. இனி எடுக்காதேங்கோ." அவ்வளவுதான். உயிரோடு வந்துவிட்டான் என்று அக்கா அழுதாள். அத்தான் அழவில்லை. விளக்கை மடக்கி என் காரின் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொண்டுபோ, என்ர கண்ணில படக்கூடாது" என்றார். இப்போது அவர் தொலைக்காட்சியில் சைக்கிள் ஓட்டம் மட்டும் பார்க்கிறார்.

ஓட்டோத் தம்பியின் பழைய கைபேசி திரும்பி வரவேயில்லை. ஆனால் அந்த இலக்கம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறது. அதை நீக்கத் துணிந்தவர் இல்லை, நீக்கினால் அந்தக் கைபேசியை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் ஒரு செய்தியாகிவிடும். அதனால் எங்கள் குழுவில் இப்போது பூக்களும் சாமிப் படங்களும் மட்டும்தான். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. பெரியவர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர்கூட அதைச் சொல்லிக்கொண்டதில்லை. ஊரில் மறுபடியும் தேர்தல் கதை எழும்பியிருக்கும் இந்த நாட்களில், போன கிழமை அந்த இலக்கத்திலிருந்து ஒரு றோசாப்பூ வந்தது. இனிய காலை வணக்கம் என்றிருந்தது.  பிறகு ஒவ்வொருவராகக் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

இந்தக் குறிப்பில் ஒருவருடைய பெயரும் ஏன் இல்லை என்று இப்போது விளங்கியிருக்கும். ஓட்டோ என்று எழுதியிருக்கிறேன், அது வேறு வாகனமாகவும் இருக்கலாம். இவ்வளவையும் எழுத வைத்தவள் என் மகள். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கிறாள். இங்கே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் சொல்வாள். நேற்று வந்தவள், அந்த வளைய விளக்கை எடுத்துத் துடைத்து வரவேற்பறையில் வைத்து எரியவிட்டாள். அரைகுறையாகக் கேள்விப்பட்ட பெரியப்பாவின் கதையைப் படிப்புக்காகப் படமெடுக்கப் போகிறாளாம். சொல்லாமல் விட்டால் அவர்கள்தான் வென்றதாகிவிடும் என்றாள், டேனிஷில். அவள் சொன்னதில் பிழை இல்லை. அத்தான் சொன்னதிலும் பிழை இருக்கவில்லை, அதுதான் என்னுடைய பயம். வெளியே மத்தியானமே இருட்டியிருந்தது. அவள் விளக்கின் முன்னால் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் கண்ணாடி போடுகிறவள்.

"அம்மா, அந்த ஓட்டோச் சித்தப்பான்ர பேர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று தமிழில் கேட்டாள். ஞாபகமில்லை என்று நான் டேனிஷில் சொன்னேன்.  "பரவாயில்லை, நான் எங்கட குறூப்பில கேக்கிறன்" என்று கைபேசியை எடுத்தாள்.

நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். அவளுடைய கண்ணாடியிலிருந்த வளையங்கள் போய்விட்டன. அறையில் கைபேசியின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அந்தக் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள கேக்காதை பிள்ளை. அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கு."

"ஆர்?"

தெரியாது என்றேன். நேற்று அவள் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் உண்மை.