முப்பத்தொன்று வந்தால் நிறுத்தணும்

எனக்குச் சுத்தத்தில் ஒரு வியாதி உண்டு. கொடியில் சட்டை கோணலாகத் தொங்கினால் எழுந்துபோய் நேராக்குவேன். மேசையில் பேனா குறுக்கே கிடந்தால் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு பாதியில் நிற்கும். வீட்டில் யாரும் இந்தக் குணத்தைப் பாராட்டியதில்லை. கம்ப்யூட்டர் திரையிலும் அப்படித்தான், தேவையில்லாத ஒரு புள்ளி தெரிந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தச் சுத்தத்தால் ஒருவருக்கு வேலை போனது. நான் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, ஒத்துவராமல் ஊருக்குத் திரும்பி, இராஜபாளையத்தில் மில்களுக்கும் பேண்டேஜ் கம்பெனிகளுக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். படமும் பொத்தானுமாக ஜிகினா வேலை எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வரி வரியாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். எத்தனை பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும். அழகுக்கென்று நான் சேர்ப்பது நிறம் ஒன்றைத்தான்.

சத்திரப்பட்டி சாலையில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு அப்படி ஒன்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும், புண்ணில் வைத்துக் கட்டும் காஸ் துணியை அங்கே வெட்டி, மடித்து, பொட்டலம் போட்டு, ஒரு பெரிய இரும்பு மெஷினுக்குள் அடுக்கி நீராவியில் வேகவைப்பார்கள். கிருமி சாக வேண்டும். ஒரு தடவை உள்ளே போவது ஒரு லோடு. சூடோ நேரமோ போதாத லோடு மறுபடி மெஷினுக்குப் போக வேண்டும், சரியாக வெந்த லோடு பெட்டி போடும் அறைக்குப் போகலாம். மெஷின் தரும் விவரத்தை என் புரோகிராம் ஒரு லோடுக்கு ஒரு வரி என்று காட்டும். லோடு எண், சூடு, நேரம். நிறுத்த வேண்டிய லோடு சிவப்பில் வரும், அனுப்ப வேண்டியது பச்சையில் வரும். ‘நிறுத்து’, ‘அனுப்பு’ என்று வார்த்தை எதுவும் போடவில்லை. நிறம் சொல்வதை எழுத்தும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதலாளி அறையில் போட்டுக் காட்டியபோது, “நல்லா இருக்கே தம்பி, பாத்த ஒடனே தெரியுது” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதையே பெட்டி போடும் அறையின் வாசலிலும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அங்கே ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். சோழபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருடம் துணி மடிக்கும் மேசையில் நின்றே வேலை பார்த்து, இரண்டு முட்டியும் தேய்ந்து, இனி நிற்க முடியாது என்றான பிறகு அந்த வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்தக் கம்பெனியில் அது ஒன்றுதான். அவருடைய வீட்டுக்காரர் படுத்த படுக்கை, வீடு இவர் சம்பாத்தியத்தில்தான் ஓடியது. லோடு வண்டி வாசலுக்கு வந்ததும் திரையைப் பார்ப்பார். “போகட்டும்” என்பார், இல்லாவிட்டால் கையைக் குறுக்கே நீட்டுவார். “சிவப்பு வந்தா நிறுத்துங்க, பச்சை வந்தா அனுப்புங்க, வேற எதையும் பாக்க வேண்டாம்” என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் திரையில் சிவப்பும் பச்சையும் தெரிகிறதா என்று நின்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து, மெஷினில் சூடு பார்க்கும் சென்சாரை மாற்றுகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். அந்த வேலையை முடித்துவிட்டு வாசல் பக்கம் போனபோதுதான் அந்தத் திரையைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அம்புக்குறி, ஒரு பகர அடைப்பு, 31 அல்லது 32, ஒட்டிக்கொண்டு ஒரு ஆங்கில எழுத்து. வரி முடிகிற இடத்திலும் அதேபோல் ஒரு குப்பை.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. ‘இங்கிருந்து சிவப்பு’ என்று திரைக்குச் சொல்ல எழுத்துக்கு முன்னால் ஒரு குறியை அனுப்ப வேண்டும். அதில் முப்பத்தொன்று என்றால் சிவப்பு, முப்பத்திரண்டு என்றால் பச்சை. நிறம் தெரிந்த திரை குறியை விழுங்கிவிட்டு நிறத்தை மட்டும் காட்டும். வாசலில் இருந்தது எந்தக் காலத்துச் சரக்கோ, அது குறியை அப்படியே வெளியே துப்பிக்கொண்டிருந்தது.

“ஏங்க்கா, இவ்வளவு நாளா இப்படியா இருக்கு? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?”

“இருந்துட்டுப் போகட்டும் தம்பி. எனக்குப் பழகிருச்சு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

பாவம், குப்பையோடு பழகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வரி சேர்த்தேன். புரோகிராம் முதலில் திரைக்கு நிறம் தெரியுமா என்று பார்க்கும், தெரியாவிட்டால் குறிகளை அனுப்பவே அனுப்பாது. திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. லோடு எண், சூடு, நேரம், எல்லாம் வெள்ளை எழுத்தில் வரிசையாக நின்றன. அவர் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது, ஊர் வரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்.

“தம்பி, நேத்து நீங்க வந்துட்டுப் போன பொறவு அந்த நம்பரு வரலியே?”

“அது குப்பைக்கா. எடுத்துட்டேன்.”

“அப்ப இனிமே அது வராதா?”

“வரவே வராது.”

“மெசினு சரியாயிருச்சா?” என்று கேட்டார்.

“எல்லாம் சரியாயிருச்சுக்கா. இனிமே ஒரு பிரச்சனையும் வராது” என்று சொல்லிவிட்டு வைத்தேன். எதற்காக அந்த நம்பரைக் கேட்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

நான்கு நாள் எல்லா லோடும் ஒழுங்காக வெந்தது. ஐந்தாம் நாள் லோடு உள்ளே இருக்கும்போது கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானது. முதலாளி அறைத் திரையில் அந்த வரி சிவப்பாகத்தான் வந்திருக்கிறது. அவர் அன்றைக்கு மதுரைக்குப் போயிருந்தார். வாசல் திரையில் எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்தன. அக்கா “போகட்டும்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு காகிதப் பட்டை இருக்கும், சரியாக வெந்தால் கறுத்துவிடும். அந்தப் பெட்டிகளில் ஒரு பட்டைகூடக் கறுக்கவில்லை. அங்கே இருந்த நர்ஸ் பார்த்துவிட்டதால் யார் புண்ணிலும் அந்தத் துணி படவில்லை. அந்த முகம் தெரியாத பெண்ணை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போகும்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

“ஏம்மா, எதப் பாத்து அனுப்புன?”

“முப்பத்தொண்ணு வந்தா நிறுத்துவேன், முப்பத்திரண்டு வந்தா அனுப்புவேன். இப்ப ரெண்டுமே வாரதில்ல. தம்பிகிட்டக் கேட்டேன், இனிமே வராது, எல்லாம் சரியாயிருச்சுன்னு சொன்னாக.”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன முப்பத்தொண்ணு? எந்த முப்பத்தொண்ணு?” என்று கத்தினார். அறையில் விளங்கியது எனக்கு மட்டும்தான். அக்காவின் திரையில் ஒரு நாளும் நிறம் வந்ததில்லை. ஆரம்பத்தில் முதலாளி அறையிலிருந்து சிவப்பு என்று சொல்லியனுப்பிய லோடுக்குத் தன் திரையில் என்ன எண் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் குறியைப் படித்திருக்கிறார். ஏழெட்டு மாதம் ஒரு லோடு தப்பாகப் போனதில்லை. அதைத்தான் நான் குப்பை என்று துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “தம்பி, சூடு எம்புட்டுன்னு ஸ்கிரீன்ல இருந்துச்சா இல்லியா?”

“இருந்துச்சு.”

“அப்ப அதப் பாத்திருக்கணுமா இல்லியா?”

“சூடு எம்புட்டு இருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலியே” என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

வேற எதையும் பாக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலாளியின் அண்ணன் மில்லுக்கு ஒரு பெரிய வேலை பேசி முடிக்கிற நேரம் அது. “பாத்திருக்கலாம்” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து மடிக்கும் மேசைக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு நாள் நின்றாராம். மூன்றாம் நாள் வரவில்லை.

நான் அன்றைக்கு மாலையே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினேன். அந்தப் பழைய திரைக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, அதனால் நிறுத்த வேண்டிய லோடுக்கு முன்னால் மூன்று பெருக்கல் குறி போட்டேன். ஐந்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இப்போது அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், குறியைப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறாள்.

ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன். கடைசியில் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் மில் வேலை அதற்குள் கைக்கு வந்துவிட்டிருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. அவர் காது கொடுத்துக் கேட்டார். “முடிஞ்சு போனத எதுக்குத் தம்பி கிண்டுறீக? அந்த எடத்துல ஆள் போட்டாச்சு” என்றார். கோபம்கூடப் படவில்லை.

அங்கிருந்து நேராகச் சோழபுரம் பஸ் ஏறினேன். அக்கா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு சாக்கு. உள்ளே கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் இருமும் சத்தம் கேட்டது.

“வாங்க தம்பி. இங்கிட்டு வராதீக, நெடி ஏறும்.”

நான் நின்றபடியே சொன்னேன். “அக்கா, தப்பு என்னோடது. அன்னைக்கு மொதலாளி முன்னாடி நான் வாயத் தொறக்கல. இப்பப் போயிச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“ஆள் போட்டாச்சாம்.”

அவர் நாலைந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிப் போட்டார். மிளகாய் நெடியில் எனக்குக் கண் எரிந்தது, அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. பிறகு தலையைத் தூக்கினார்.

“ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் தம்பி. எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது, அந்தப் பெட்டியில கலரும் தெரியாது. அதப் பாத்துத்தான நீங்களா நம்பரு போட்டுக் குடுத்தீக? எங்கூட பஸ்ல வாரவளுக எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன், அந்தத் தம்பி எனக்குன்னு தனியாப் போட்டுக் குடுத்துருக்குன்னு. அம்புட்டுப் பெருமையா இருந்துச்சு. பொறவு எதுக்கு எடுத்தீக? ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துருக்கலாம்ல?”

அவருக்கென்று நான் எதையும் போட்டதில்லை.

“சொல்லிட்டுத்தான்க்கா எடுத்திருக்கணும்” என்றேன்.

“அதத்தான் சொல்றேன்” என்றுவிட்டு அடுத்த மிளகாயை எடுத்துக்கொண்டார்.