டிரெய்லருக்கு அடியில் இரண்டாவது கம்பளி

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் மழைக்காலம். அப்போது கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்காக நிற்கும் லாரி வரிசை இருக்கிறதே, அதில் சேர்ந்துவிட்டால் உள்ளே போக நாள்கணக்காகும். கல்மண்டபத்தில் என் வீடு கிட்டத்தில்தான். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் போய் என்னத்தைச் செய்ய?

வரிசையில் நிற்கும் நாங்கள் டிரெய்லருக்கு அடியில், சேஸிஸில் கயிறு போட்டு, தார்ப்பாயில் தூளி கட்டிப் படுப்போம். வெயிலுக்கு அது சுகம். மழைக்காலத்தில் சனியன். மேலே எத்தனை போர்த்தினாலும் கடற்காற்று அடியில் புகுந்து முதுகைப் பிடுங்கும். அதனால் தூளிக்குக் கீழே இரண்டாவதாக ஒரு கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டேன். அது தொளதொளவென்று தொங்கி, நடுவில் காற்றுக்கு வழிவிட்டது. இழுத்துக் கட்டினால் நான் ஏறிப் படுத்ததும் முடிச்சு பிய்த்துக்கொண்டது.

தூங்குவதிலும் எனக்கொரு பயம் இருந்தது. வரிசை நகரும்போது எழுந்து வண்டியை எடுக்காவிட்டால் பின்னால் இருப்பவர்கள் ஒதுங்கி முன்னே போய்விடுவார்கள். போன இடம் போனதுதான். மற்ற டிரைவர்களை எழுப்ப கிளீனர் உண்டு. என் கிளீனர் கல்யாணம் கட்டிக்கொண்டு புளியந்தோப்பில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். என்னைப்போல் தனியாக வருபவன் தூளியில் கிடந்தால், பின்வண்டிக்காரர் இறங்கி வந்து உலுக்கிவிட்டுப் போவார். அதுதான் எங்கள் வழக்கம். அதை நம்பித்தான் கண்ணை மூடுவேன்.

ஒருநாள் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கினேன். பட்டை பட்டையாக அறுத்து, கம்பளியின் நாலு மூலையிலும் கயிற்றுக்குப் பதிலாகக் கட்டினேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு நாடா கோத்துச் சுருக்கினேன். ஏறிப் படுத்தேன். அடேயப்பா! ரப்பர் என்னோடு கீழே இறங்கி, கம்பளியைத் தூக்கி முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அந்த மழை மத்தியானத்தில், அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

விழித்தபோது எனக்குப் பின்னால் ஒரு வண்டிகூட இல்லை. அத்தனையும் என்னைத் தாண்டிப் போய் முன்னால் நின்றன. வயிற்றெரிச்சலோடு நடந்துபோய், காலையில் எனக்குப் பின்னால் நின்றவரைப் பிடித்தேன்.

"இன்னா மாமு, அதுக்குள்ளயா இருந்தே? ஏதோ மூட்டை தொங்குதுன்னு நெனச்சோம். வண்டில ஆளே இல்லன்னு வந்துட்டோம்" என்றார்.

"ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

"யாருன்னு கூப்புடறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. எத்தனை தடவை பக்கத்துப் பக்கத்தில் நின்றிருப்போம்! நானாக வாய் திறந்து ஒரு பேச்சு பேசியதில்லை.

சாயங்காலம் எனக்குப் பின்னால் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றது. என்னைவிட வயதான டிரைவர், லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"கூட யாரு கீறாங்க நைனா?"

"யாரும் இல்ல" என்றேன். மனைவி போனதிலிருந்து அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி, நீ தூங்கு. வண்டி நவுந்தா நான் வந்து எழுப்புறேன்."

தூளிக்குள் ஏறினேன். கம்பளி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு மூட்டைதான் தெரிந்திருக்கும்.