ஹில்க்கா சிஸ்டரின் வண்டிக்குக் கொடுத்த பிளக்

தைஸ்தோ கெம்பைனென் எங்கள் ஹாப்பவாரா கிராமத்தின் கூட்டுறவுக் கடையில் இருபத்தாறு வருடம் உதிரிபாகம் விற்றவர். அந்தப் பக்கத்தில் வண்டி என்று எதை வைத்திருந்தாலும், டிராக்டரோ, படகு மோட்டாரோ, மரம் அறுக்கும் இயந்திரமோ, அதற்கு ஸ்பார்க் பிளக் வேண்டுமென்றால் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். பழைய பிளக்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைப்பார். எந்த வண்டிக்கு எந்த எண் என்று சொல்லும் தடித்த புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அந்த நாட்களில் அதை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வெளியூர்க்காரன் யாராவது வந்தால், "எங்க தைஸ்தோ புத்தகம் பாக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொள்வோம்.

நான் அந்தக் கிராமத்துத் தபால்காரன். காலைச் சுற்று முடிந்ததும் கடையில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட உட்காருவேன். அதனால்தான் அன்று அங்கே இருந்தேன்.

1984, பிப்ரவரி. ஹில்க்கா சிஸ்டர் உள்ளே வந்து கையுறையைக் கழற்றி இரண்டு கரி பிடித்த பிளக்குகளைக் கவுண்ட்டரில் வைத்தார். ஏரிக்கு அக்கரையில் இருக்கிற வீடுகளுக்குப் பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் பனிவண்டியில் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிற நர்ஸ் அவர். சுகாதார நிலையம் அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்குப் புது வண்டி கொடுத்திருந்தது.

"ஊருக்குள்ள மெதுவா போனா அணைஞ்சு அணைஞ்சு போகுது, தைஸ்தோ. இந்த வாரத்துல இது மூணாவது தடவை."

தைஸ்தோ பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். "கரி. இது சூட்டை உடனே விட்டுடுற பிளக். சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிற மாதிரி ஒண்ணு போட்டா, கரி தன்னால எரிஞ்சு போயிரும்." பின்னால் கை நீட்டினார். பெட்டி வந்தது.

சிஸ்டர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். "புது மாடல் வண்டியாச்சே. அந்தப் புத்தகத்துல ஒரு தடவை பாத்துடலாமா?"

காபி மேசையில் நாங்கள் நாலைந்து பேர். தைஸ்தோ எங்களைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நீங்க எனக்கு ஊசி போடும்போது, புத்தகத்தப் பாத்துட்டுக் குத்துங்கன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா சிஸ்டர்? பேன்ட்டை இறக்கிட்டுப் பேசாமத்தானே நிக்கிறேன்?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கையிலிருந்த காபி சிந்தும் அளவுக்குச் சிரித்தேன். சிஸ்டரின் முகம் சிவந்தது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்குள் மெதுவாக ஓட்ட அந்தப் பிளக் சரிதான். ஆனால் உறைந்த ஏரிமேல் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் போகிற வண்டிக்கு அது கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் பிளக்கின் முனையே நெருப்பாகி, பிஸ்டனை உருக்கிவிடும். அந்த வண்டி எங்கெல்லாம் போகும் என்று தைஸ்தோவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவர் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. ஹில்க்கா சிஸ்டர் ஏரியின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் ஒரு சத்தம் போட்டு நின்றது. மறுபடி கிளம்பவில்லை. மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்காற்றில் ஆறு கிலோமீட்டர் நடந்து கரை சேர்ந்தார். குளிரில் மரத்துப்போன இடக்கை விரல்கள் இரண்டின் நுனியைக் கயானி நகர ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வண்டியை இழுத்து வந்து கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் விட்டார்கள். மெக்கானிக் ரெய்யோ திங்கட்கிழமைதான் வருவான். சாவி தைஸ்தோவிடம் இருந்தது. இனி நான் சொல்வதை அவரே பின்னால் சொன்னார். யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு பிளக்குகளைக் கழற்றினார். முனைகள் சுண்ணாம்பாக வெளுத்து, அவற்றின்மேல் கடுகு கடுகாக உருகிய அலுமினியம் ஒட்டியிருந்தது. அது பிஸ்டனின் உலோகம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு எழுந்து டாங்க்கிலிருந்த பெட்ரோலை இறக்கினார். பட்டறைக்குள் விடும் வண்டிக்கு அப்படிச் செய்வது வழக்கம். அந்த மாதிரி எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கலக்க மறந்தாலும் எஞ்சின் கருகும். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். வழுவழுவென்றிருந்தது. சிஸ்டர் அளவாகக் கலந்திருக்கிறார். அந்தப் பெட்ரோலைக் கழிவுப் பீப்பாயில் ஊற்றினார்.

அதற்குப் பிறகு கடைக்குள் போனார். ஆணியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். அத்தனை வருடத்தில் அதை அவர் திறந்தது அன்றுதான். சிஸ்டரின் வண்டிக்கு உரிய எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். புதுப் பெட்டியை எடுக்கவில்லை, புதுசு என்றால் ரெய்யோவுக்குத் தெரிந்துவிடும். தூக்கி எறிந்த பிளக்குகள் கிடக்கும் தகர டப்பாவைக் கொட்டி, அதே எண்ணில் நன்றாக ஓடிப் பழுப்பேறிய இரண்டைப் பொறுக்கி எடுத்து எஞ்சினில் திருகினார்.

"அன்னைக்கு மட்டும் அவ்வளவு கவனமா பாத்தேன். ஒவ்வொண்ணா, வெளிச்சத்துல திருப்பித் திருப்பி" என்றார் என்னிடம். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திங்கட்கிழமை ரெய்யோ எஞ்சினைப் பிரித்தான். "பிளக் சரியா இருக்கு. கார்புரேட்டர் சரியா இருக்கு. அப்புறம் என்ன, எண்ணெய் ஊத்த மறந்திருப்பாங்க" என்றான். அவன்மேல் குற்றமில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னான். தைஸ்தோ பக்கத்தில் நின்று, "இருக்கும்" என்றார். ஒரே ஒரு சொல்.

சுகாதார நிலையம் சிஸ்டருக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்தது. ஏரிச் சுற்றை வேறொருவரிடம் ஒப்படைத்து, அவரை உள்ளே உட்கார வைத்தது. கடையில் புது வேடிக்கை கிடைத்துவிட்டது. யாராவது எதையாவது மறந்தால், "என்னப்பா, ஹில்க்கா மாதிரி எண்ணெய் மறந்துட்டியா?" என்பார்கள். தைஸ்தோ அப்போதெல்லாம் எதையோ தேடுவதுபோல் கவுண்ட்டருக்கு அடியில் குனிந்துகொள்வார். அவருக்கு முதுகுவலி என்று நினைத்தோம்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

மூன்றாவது ஆண்டு நவம்பரில் ஹில்க்கா சிஸ்டர் கடைக்கு வந்தார். சொந்தமாக ஒரு பழைய பனிவண்டி வாங்கியிருந்தார். தைஸ்தோவுக்கு முன்னால் வந்து நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்களே பாத்து ஒண்ணு குடுங்க, தைஸ்தோ. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல. அன்னைக்கு எண்ணெய் ஊத்தின மாதிரிதான் ஞாபகம். ஆனா ஊத்தலைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. இப்பல்லாம் வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பிப் போய் அடுப்பைப் பாக்கிறேன். ஒருத்தருக்கு ஊசி போட்டுட்டு, போட்டேனா இல்லையான்னு குப்பையில ஊசியத் தேடுறேன்."

தைஸ்தோ புத்தகத்தை எடுத்து, பார்த்து, பிளக்கைக் கொடுத்தார். அவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான். வயசாகிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை தைஸ்தோ சுகாதார நிலையத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முறை வந்ததும் உள்ளே போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னாராம்: "சிஸ்டர், அன்னைக்கு எண்ணெய் இருந்துச்சு. நான் விரல்ல தேய்ச்சுப் பாத்தேன்." மிச்சத்தையும் சொன்னார். கொடுத்த பிளக், கழற்றிய பிளக், டப்பாவில் பொறுக்கிய பிளக், எல்லாம்.

சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "விரலுக்காக நான் உங்களை ஒண்ணும் கேக்கல. தப்பு யாருக்கும் நடக்கும்" என்றார். "ஆனா ரெண்டு வருஷமா எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தினமும் என்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"அப்படின்னா அதை எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. சிரிச்சவங்க முன்னாடி சொல்லுங்க."

சனிக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும் நேரம். தைஸ்தோ கவுண்ட்டருக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே நின்று பேச அவருக்கு மனசில்லை போலும். முழுசையும் சொன்னார். அரைகுறையாக ஒன்றையும் விடவில்லை. ரெய்யோ கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவனைப் பொய் சொல்ல வைத்தது அவனுக்கு ஆறவே இல்லை. பிறகு அவர்கள் இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை.

யாரோ ஒருவர், "விடு தைஸ்தோ, ஆயிரம் பிளக்குல ஒண்ணு தப்பாகும்" என்று சமாதானம் சொன்னார்.

"தப்பா குடுத்தது யோசிக்காம குடுத்தது. மாத்தி வச்சது ரெண்டு" என்றார் தைஸ்தோ. "அந்த ரெண்டும் தெரிஞ்சு செஞ்சது."

சுகாதார நிலையத்துக்கும் கடிதம் எழுதினார். கண்டனத்தைத் திரும்பப் பெற்ற பதிவுத் தபால் என் பையில்தான் வந்தது. சிஸ்டரின் வாசலில் நின்று, நானும் சிரித்தேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கதவு திறந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று மட்டும் வாயில் வந்தது. குட்டையான விரல்களால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நன்றி சொன்னார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஹில்க்கா சிஸ்டருக்கு ஏரிச் சுற்று திரும்பக் கிடைத்தது. தைஸ்தோ கவுண்ட்டர் வேலை வேண்டாம், மாட்டுத் தீவனப் பக்கம் போகிறேன் என்று கேட்டார். மேனேஜர் விடவில்லை, வேறு ஆள் இல்லை. அதனால் இன்னும் ஏழு வருடம் அதே இடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் நின்றார். யார் எதைக் கேட்டாலும் முதலில், "எங்க ஓட்டுவீங்க? எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் காலில் ஆறாத புண் வந்தது. வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுவது ஹில்க்கா சிஸ்டரின் வேலை. ஒருநாள் தபால் கொடுக்கப் போனபோது கேட்டேன், இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று.

"காலைப் பத்தி மட்டுந்தான்" என்றார் தைஸ்தோ. "வலிக்குதான்னு கேப்பாங்க. இல்லம்பேன். வலிக்கத்தான் செய்யும். அவங்ககிட்ட அதை எந்த வாயால சொல்வேன்?"