ருசிக்கு ஒரு வாய்

அந்த உணவகத்தில் அவருக்கு மூக்கர் என்று பெயர். வைன் ஊற்றிக் கொடுப்பதுதான் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. விலை உயர்ந்த பாட்டிலை எந்த மடையனும் ஊற்றிப் பேர் வாங்கிவிடுவான். பட்டியலின் கடைசி வரியில் கிடக்கும் மலிவான சிவப்பு வைனுக்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். அதைக் கால் மணி நேரம் குளிரில் வைப்பார். அகல வாய்க் கண்ணாடிக் குடுவையில் கொட்டிக் காற்றாட விடுவார். துவர்ப்பு அடங்கியதா என்று ஒரு வாய் பார்த்துத் துப்பிவிடுவார். விழுங்கவே மாட்டார்.

விழுங்காததற்குக் காரணம் அவருடைய தம்பி. அவனும் இங்கே பாத்திரம் கழுவ வந்தவன்தான். "ருசிக்கு ஒரு வாய் பாருடா, ஒண்ணும் ஆகாது" என்று முதல் கிளாஸை நீட்டியது அண்ணனே. ஒரு வாய் ஒரு பாட்டிலாகி, பதினைந்து வருஷத்தில் ஆளையே முழுங்கிவிட்டது. செத்து நாலு வருஷம் ஆகியும் அவன் இவரை விட்டபாடில்லை. பாட்டில் வாங்கியவர் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதற்காக மூக்கர் குனிந்து கொஞ்சம் ஊற்றும்போதெல்லாம் காதோரம் அதே குரல் கேட்கும்: "இன்னும் கொஞ்சம்ணே." பின்னால் யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் தினம் திரும்பிப் பார்ப்பார், பாவி மனுஷன்.

ஒரு மதியம் தம்பி மகள் வந்து ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்தாள். உரித்து வைத்த மாதிரி அப்பன் முகம்.

"பெரியப்பா, இருக்கிறதுலயே விலை கம்மியான சிவப்பு குடுங்க. அப்பா குடிப்பாரே, அது."

மூக்கர் பாட்டிலை எடுத்து வந்தார். அப்பனைக் கெடுத்தது போதாதா, பிள்ளைக்கும் நானே ஊற்ற வேண்டுமா? பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒரு குறையும் இல்லை.

"கெட்டுப் போச்சும்மா. தக்கை நாத்தம் அடிக்குது. இன்னைக்கு வேற பாட்டில் இல்ல."

அந்த மூக்கு சொன்ன முதல் பொய் அது. அவள் பாட்டிலை வாங்கித் தானும் முகர்ந்தாள்.

"பொய் சொல்லாதீங்க பெரியப்பா. எனக்குப் போர்வை இழுத்து விட அப்பா குனியும்போது இதே வாசனைதான் வரும்."

"உனக்கு எதுக்கும்மா இந்தக் கருமம்?"

"எங்களை விட இதுல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துடறேன். நீங்களே ஊத்துங்க."

எப்படி மறுப்பது? ஒரு விரற்கடை ஊற்றினார். காதோரம் குரலுக்காகக் காத்திருந்தார். இன்றைக்கு அவனும் மூச்சுக் காட்டவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டு விழுங்கினாள். கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"இவ்வளவுதானா, பெரியப்பா?"

எந்த வைனுக்கும் பத்து வார்த்தை சொல்லக்கூடியவர் அவர்.

"இவ்வளவுதாம்மா" என்றார். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை, கடை நடுவில், நாலு பேர் பார்க்க, அப்போது வந்தது.