வாழை இலையில் படுத்தவர்

பச்சையம்மாவின் புருஷன் பக்தவச்சலம், பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு வாய் ஓயாது. யார் ஏறினாலும் கோவிலம்பாக்கம் வருவதற்குள் அவர்களுடைய குடும்பக் கதை முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதர்தான் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் சுருண்டு படுத்தார். தெருவில் வீட்டுக்கு வீடு அதே காய்ச்சல். உடம்புவலி தாங்கவில்லை என்றதும், பச்சையம்மா மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள்.

மறுநாள் அவர் கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன. உதடு வெடித்தது. அம்மை என்று நினைத்து அவள் வேப்பிலை பறித்து வைத்தாள். நெஞ்சில் திட்டுத்திட்டாக எழும்பிக் கொப்புளம் கட்டியது. சட்டையைக் கழற்றினால் துணியோடு தோலும் உரிந்து வந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள்.

"இதே மாத்திரைய முன்னாடி எப்பவாவது போட்டிருக்காராம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"போன வருஷம் பல்லு வலிக்கு ஒரு தபா போட்டாரு சார். வாயெல்லாம் புண்ணாச்சு. சூடுன்னு மோரு குட்த்தேன்."

"அது சூடு இல்லம்மா. அந்த மருந்து அவர் உடம்புக்கு ஆகல."

"அப்போ நான்தான் சார்..."

"எல்லாரும் போடற மாத்திரைதான். எங்கேயோ ஒருத்தருக்கு இப்படி ஆகுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தோல் உரிந்த ரணமும் தீக்காயம் மாதிரிதான் என்று தீக்காய வார்டில் சேர்த்தார்கள். ரணத்தில் துணி ஒட்டாமல் இருக்க, கிறிஸ்டினா சிஸ்டர் கட்டிலில் சுத்தம் செய்த வாழை இலைகளை விரித்து அவரைப் படுக்க வைத்தாள். தொடக் கூடாது. கண் திறக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பச்சையம்மா பேசத் தொடங்கினாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு பேசியதில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் யார் யார் விசாரித்தார்கள், அங்கே கூட ஓட்டும் தினகரன் வண்டியை எங்கே இடித்தான், எதிர்வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது... தொண்டை கட்டும்வரை பேசினாள்.

ஒரு காலையில் இலை மாற்றும்போது அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இன்னா பச்ச... என்னிய பந்தியில போட்டுட்டியா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

வீடு திரும்பியபோது புதுத்தோல் வெளிறி, குழந்தைத் தோல் போல இருந்தது. எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டும் அவர் முதுகில் வைக்கத் தயங்கினாள்.

"வலிக்குமாய்யா?"

"வலிக்கல. நல்லா வெய்யி."

உள்ளங்கையை வைத்தாள்.

கண்ணில் ஈரம் மட்டும் திரும்பவில்லை. இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். மத்தியானம் பச்சையம்மா சோற்றோடு கண்ணுக்குச் சொட்டுமருந்தும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வருவாள். ஆட்டோவில் காத்திருக்கும் யாரிடமாவது, "ஜுரம்னா நீயா மாத்திரை வாங்கிப் போடாதே, டாக்டராண்ட கேளு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர், பேச்சை நிறுத்தாமலே கண்ணாடியைக் கழற்றி அவள் பக்கம் அண்ணாந்து முகத்தைக் காட்டுவார்.